ஏஏஏ தூண்டில் கடை எதிர் அதிபர்

எனக்கு எப்போதும் கடைசியில் நிற்கத்தான் பிடிக்கும். பிறந்தது ஜாஸ்ட்ரோ குடும்பத்தில், இசட் எழுத்தில் தொடங்குகிற பெயர். ஆங்கில அகரவரிசையில் அதற்குப் பின்னால் வருவதற்கு ஆளே கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டாலும் சரி, கேள்வி கேட்டாலும் சரி, என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். எனக்கும் பின்னால் ஒரே ஒருவன் உட்கார்ந்திருந்தான், ரஸ் ஜெலின்ஸ்கி, அதுவும் இசட்தான். பெயர் வரிசைப்படி உட்காரவைத்த டீச்சர்களின் புண்ணியத்தில் பள்ளிக்காலம் முழுக்க என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு முகத்தையும் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். டார்லா ஜாஸ்ட்ரோ, டார்லா ஜெலின்ஸ்கி ஆனாள். கடைசியிலிருந்து இன்னும் கொஞ்சம் கடைசிக்குப் போனேன், அவ்வளவுதான்.

அந்த தைரியத்தில்தான் அதிபர் மேல் வழக்குப் போட்டேன்.

விஸ்கான்சினின் வடக்கு மூலையில், ஏரிக்கரையில், ரஸ்ஸுக்கும் எனக்கும் தூண்டில் கடை. எங்கள் முள்ளெல்லாம் ஜப்பானிலிருந்து வருகிறது. இங்கே அந்த மாதிரி முள் யாரும் செய்வதில்லை. ஒரு நாள் அதிபர் தொலைக்காட்சியில் வந்து, நாட்டுக்கு நெருக்கடி என்று அறிவித்து, உலகத்தில் எந்த நாட்டிலிருந்து எது வந்தாலும் வரி என்றார். பிறகு ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார், ஒரு பிரதமர் மேல் கோபம் வந்தபோது மறுபடி ஏற்றினார். எங்கள் பெட்டி அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. கட்டச் சொன்ன வரியைக் கட்டிவிட்டு எடுத்து வந்தோம்.

கோரின் ஆஷ்வொர்த் என்ற வக்கீல் பெண் மில்வாக்கியிலிருந்து போன் செய்தது அப்போதுதான். சின்னக் கடைகளாகச் சேர்த்து வழக்குப் போடுகிறார்களாம், கட்டணம் கிடையாதாம்.

"இந்த வரியப் போட அவருக்கு அதிகாரமே இல்லைங்க," என்றாள். "வரி போடறது நாடாளுமன்றத்தோட வேலை. நெருக்கடிச் சட்டத்துல இறக்குமதிய ஒழுங்குபடுத்தலாம்னு ஒரு வார்த்தை இருக்கு. அந்த ஒத்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவும் பண்றாங்க."

"மொத்தம் எத்தனை கடை?"

"எட்டு."

"பேரெல்லாம் எந்த வரிசைல போடுவீங்க?"

"அகரவரிசைதான். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்மா."

எட்டுப் பெயரில் எட்டாவது பெயரை எந்த மடையன் படிக்கப்போகிறான்? சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து, காலையில் ரஸ் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். ரேடியோவில் செய்தி. "ஏஏஏ தூண்டில் கடை எதிர் அமெரிக்க அதிபர்" என்று ஒரு பெண் தெளிவாக வாசித்தாள். ரஸ் அடுப்பை அணைத்தான்.

"டார்லா, அது நம்ம கடைதானே?"

எங்கள் கடைதான். என் மாமனார் காஸிமிர் ஜெலின்ஸ்கி, டெலிபோன் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் கிடந்து கிடந்து வெறுத்துப்போனவர். கடை திறந்தபோது ஏ, ஏ, ஏ என்று மூன்றெழுத்தைப் போட்டார். அர்த்தம் என்னவென்று கேட்டால், "அர்த்தம் என்ன பெரிய அர்த்தம்? முதல்ல வரும்ல?" என்பார். கார் வழியில் நின்றுபோனவர்கள்கூட, அதே மூன்றெழுத்துப் பெயரில் வண்டி இழுத்துப்போகிற சங்கம் என்று நினைத்து எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஜெலின்ஸ்கி என்று கையெழுத்துப் போட்டேன். வழக்குப் போட்டதோ கடை. இவ்வளவு வருஷம் அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று வியாபாரம் செய்தும் அது மண்டையில் ஏறவில்லை.

"அப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்," என்றான் ரஸ். அவன் சிரிக்கவில்லை.

மாமனார் ஆசைப்பட்டபடி போன் அடிக்க ஆரம்பித்தது. சிலர் திட்டினார்கள். சிலர் மூச்சு மட்டும் விட்டார்கள். டெக்சாஸ் எண்ணிலிருந்து ஒருவன் எங்கள் வீட்டு முகவரியைத் தெரு, எண், ஊர் என்று நிதானமாக வாசித்துவிட்டு வைத்துவிட்டான். எனக்கு அவன்தான் மற்ற எல்லாரையும்விடப் பயங்கரமாகப் பட்டான். அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் என் கை தானாகத் திரைச்சீலைக்குப் போனது. ஆனாலும் இவர்களெல்லாம் தூரத்து ஆட்கள், நம் ஊர்க்காரர்கள் நம்மை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல மீன் வறுவலுக்குப் போனோம். சப்பர் கிளப் என்கிற எங்கள் ஊர்ச் சாப்பாட்டு விடுதியில் வெள்ளிக்கிழமை இடம் கிடைப்பதே கஷ்டம். தெரியாதவர்கள்கூட ஒரே மேசையில் நெருக்கி உட்காருவார்கள். அன்றைக்கு எங்கள் மேசையில் இரண்டு நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது. சுவரோரம் ஜனங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று சாப்பிட்டார்கள். ரஸ் கோஸைக் கிளறிக்கொண்டிருந்தான். நான் மீனைத் தட்டோரம் ஒதுக்கினேன்.

வெர்ன் ஹால்வர்சன் மட்டும் வந்து நின்றார். வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரியில் அளவு குறைந்த மீனைப் பிடித்தவன் சொந்தத் தம்பியாக இருந்தாலும் அபராதம் போட்ட மனிதர். மனைவி இறந்த பிறகு ஞாயிறுதோறும் கடைக்கு வந்து ஒரு முள் பாக்கெட் வாங்குகிற சாக்கில் மதியம்வரை பேசிக்கொண்டிருப்பார். பிராந்தி கிளாஸைக் கையில் பிடித்தபடி, "மீன் நல்லா இருக்கா?" என்று கேட்டார். உட்காரவில்லை. நாங்கள் கிளம்பும்போது கதவருகே வந்து, "மான் பாத்து. ஒண்ணுக்குப் பின்னால இன்னொண்ணு வரும்," என்றார்.

எங்கள் பக்கம் யாரும் 'வரேன்' என்று சொல்லிக்கொண்டு பிரிவதில்லை. 'மான் பாத்து ஓட்டு' என்போம், ஏனென்றால் வருஷத்துக்கு நாலு பேராவது ரோட்டில் மானை மோதிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த இரண்டாவது வரி வெர்னுடையது மட்டுமே. செத்த மான்களையும் நொறுங்கிய கார்களையும் ரோட்டிலிருந்து அப்புறப்படுத்தியே வயதானவர். முதல் மான் போனதும் நிம்மதியாகக் காரை எடுப்பவன்தான் இரண்டாவதில் மாட்டுகிறான் என்பார்.

மறுநாள் காலை கடைப் பலகையில் நடு ஏ-யில் ஒரு ஓட்டை இருந்தது. விரல் நுழைகிற அளவு ஓட்டை. ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்த பையன் எக்கிப் பார்த்துவிட்டு, "பசங்க வேலையா இருக்கும்மா. மான் படம் போட்ட பலகையக்கூடத்தான் சுடறாங்க," என்றான்.

"மான் யார் மேலயும் கேஸ் போடலியே," என்றான் ரஸ்.

அந்தப் பையன் ஏதோ குறித்துக்கொண்டு போனான். நான் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பட்டப்பகலில், கடை திறந்திருக்க வேண்டிய நேரத்தில்.

அன்று சாயங்காலம்தான் அந்த போன் வந்தது. ரஸ் பின்னால் படகு கழுவிக்கொண்டிருந்தான். எண் தெரியவில்லை. வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசுகிற கரகரத்த குரல்.

"பேர எடுத்துடு, டார்லா. ஊர்ல எல்லாரும் கொதிச்சுப்போய் இருக்காங்க. எப்ப என்ன நடக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. கோர்ட்டுக்குப் போகாத."

"யார் பேசறது?"

"யாரா இருந்தா என்ன? போகாத. வீட்லயே இரு." ஒரு பெருமூச்சு. "சரி, மான் பாத்து. ஒண்ணுக்குப் பின்னால..."

குரல் அப்படியே நின்றது. அவருக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. பிறகு லைன் போனது.

டெக்சாஸ்காரன் என் முகவரியைத்தான் வாசித்தான். இந்த மனிதருக்கு எங்கள் பின்கதவுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்பதே தெரியும். ரஸ்ஸுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது அவர்தான் தினம் வந்து கடையைத் திறந்தார். வெளியூர்க்காரன் மிரட்டினால் கதவைச் சாத்தலாம். வெர்ன் மிரட்டினால் எதைச் சாத்துவது?

சாவியை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். ரஸ்ஸிடம் சொல்லவில்லை. சொன்னால் கையில் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். நேராக கோரினைக் கூப்பிட்டேன்.

"எங்க பேர எடுத்துடும்மா. மத்த ஏழு பேர் இருக்காங்கல்ல?"

"டார்லா, அதுல மூணு பேர் ஏற்கனவே விலகிட்டாங்க. பயம்தான். தப்பு சொல்ல முடியாது."

"நாலு பேர் இருக்காங்களே."

"அந்த நாலு பேருக்கும் சரக்கு இன்னும் வந்து இறங்கல. இவங்களுக்கு இதுவரை ஒரு நஷ்டமும் இல்ல, வழக்குப் போட என்ன தகுதின்னு அரசு வக்கீல் கேக்கறார். நிஜமா வரி கட்டினது நீங்க மட்டும்தான். நீங்க விலகினா ஜட்ஜுங்க ஒழுங்குபடுத்தறதுங்கற அந்த வார்த்தைக்கே வரமாட்டாங்க. வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

முதலில் நிற்பது போதாதென்று ஒற்றையாகவும் நிற்க வேண்டும்.

"உங்கள வற்புறுத்த மாட்டேன்," என்றாள். "நியூயார்க் வர்த்தகக் கோர்ட்ல விசாரணை புதன்கிழமை, கேஸ்ல இருந்தா நீங்களும் வரணும். திங்கள் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக யாரும் என்னைப் பார்க்க முடியாத இடம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெர்ன் வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ரஸ் தேவாலயத்துக்குப் போயிருந்தான். கதவு மணி அடித்ததும் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் வழக்கமான கொக்கியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கல்லாவில் வைத்தார்.

"பலகைய சுட்டது நான் இல்ல," என்றார்.

"போன்ல பேசினது?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"லைல் அழுதான், டார்லா. என் பையன் நாப்பத்தஞ்சு வயசுல அழுது நான் பாக்கறேன். காகித மில்லுல மூணு வருஷமா மெஷின் ஓடல. வெளிநாட்டுக் காகிதத்துக்கு வரி போட்டதும் கூப்பிட்டு வேலை குடுத்தாங்க. நீ ஜெயிச்சா மறுபடி இழுத்து மூடுவாங்க. அவன் வீட்டுக்குக் கடன் கட்டணும். என்ன செய்யறதுன்னு தெரியாம குடிச்சுட்டுப் பண்ணினேன்."

"என்னக் கூப்பிட்டு நேர்ல சொல்லியிருக்கலாமே. நேத்துலேர்ந்து நான் குளிக்கறப்பகூடக் கதவப் பூட்டிக்கறேன், தெரியுமா? உங்களுக்குப் பயந்து, வெர்ன். உங்களுக்கு."

அவர் தலை நிமிரவில்லை. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கோபம் வந்ததும் நாக்குக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

கல்லாப் பக்கத்தில் மீன்பிடி ஒழுங்குவிதிப் புத்தகம் அடுக்கி வைத்திருக்கும். லைசென்ஸ் வாங்குகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்போம். ஒன்றை எடுத்து அவர் முன்னால் போட்டேன்.

"உங்க வாழ்க்கை முழுக்க இதத்தானே பாத்தீங்க. ஒழுங்குபடுத்தறது. நான் எத்தனை மீன் பிடிக்கலாம்?"

"வால்-ஐ மீன்னா மூணு," என்றார் பழக்கதோஷத்தில்.

"சின்ன மீனா இருந்தா?"

"திருப்பி விடச் சொல்வேன்."

"ஏரியவே மூடலாமா?"

"நோய் வந்தா மூடலாம். மூடியிருக்கேன்."

"என் படகுக்குப் பக்கத்துல வந்து, ஒவ்வொரு மீனுக்கும் இவ்வளவு எடுன்னு என்னிக்காவது கை நீட்டியிருக்கீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. லைசென்ஸ் என்ன விலைன்னு சட்டசபை சொல்லும். எனக்கு அதுல என்ன வேலை?"

"அதத்தான் கோர்ட்ல கேக்கறோம். அவ்வளவுதான் கேஸ்."

"அது வேற, டார்லா."

"எப்படி வேற?"

அவர் ரொம்ப நேரம் அந்தப் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, பாக்கெட்டை எடுக்காமலே கதவுவரை போனார். அங்கே நின்றார். வழக்கமான அந்த 'மான் பாத்து'வுக்காக நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. கதவு சாத்திக்கொண்டது. மிரட்டியபோதுகூட வாய் தவறிச் சொன்ன மனிதர், இப்போது சொல்லாமலே போய்விட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கோரினுக்குப் போன் செய்தேன். முடியாது என்று சொல்லத்தான் எண்ணை அழுத்தினேன். அவள் "சொல்லுங்க" என்றதும், அந்தப் புத்தக அட்டையைப் பார்த்துக்கொண்டு வெர்ன் பதிலில்லாமல் நின்ற முகம் நினைவுக்கு வந்தது. நேர்மையான மனிதரிடமே பதில் இல்லை. "வரேன்மா," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை மினியாபோலிஸ் விமான நிலையத்துக்கு நான் தனியாகத்தான் கிளம்பினேன். கடையை ஆளில்லாமல் விட எங்களுக்குப் பயம். நான் போவது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ரஸ் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்த கண்ணாடியையே மறுபடியும்.

"திரும்பி வந்துடுவியா?" என்றான்.

"லூசா நீ? புதன் ராத்திரி விமானம்."

ஊர் எல்லை தாண்டினால் மாவட்ட ரோடு காட்டுக்குள் போகும். இரண்டு பக்கமும் பைன் மரம், செல்போன் எடுக்காது. இன்னும் வெளுக்கவில்லை. முதல் வளைவில், மண்பாதை ஒன்றின் வாயில் ஒரு வண்டி விளக்கணைத்து நின்றிருந்தது. நான் நெருங்கியதும் விளக்கு எரிந்தது. ஒரு கண் மஞ்சள், ஒரு கண் வெள்ளை. அந்த விளக்கு எனக்குத் தெரியும். வெர்னுடைய பச்சை பிக்கப் வண்டி.

அது ரோட்டில் ஏறி என் முன்னால் வந்தது.

முந்திப் போக இடமில்லை. திரும்பலாமென்றால் ரோடு குறுகல். அவர் மெதுவாகப் போனார். நானும் மெதுவாகப் போனேன். அவர் வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கி மாட்டுகிற சட்டம் தெரிந்தது. அதில் துப்பாக்கி இருந்தது. எப்போதும் இருக்கும்தான், எங்கள் ஊரில் பாதி வண்டியில் இருக்கும்தான். ஆனால் அன்றைக்கு என்னால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சாமியைக் கூப்பிட்டேன், ரஸ்ஸைக் கூப்பிட்டேன், செத்துப்போன மாமனாரைக்கூடக் கூப்பிட்டுத் திட்டினேன்.

திடீரென்று அவருடைய சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிக்கப் நடுரோட்டில் நின்றது.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். கதவுகளைப் பூட்டினேன். இப்போது இறங்குவார், இப்போது நடந்து வருவார். அவர் இறங்கவில்லை. அவர் வண்டி வெளிச்சத்தில் ஒரு பெட்டை மான் ரோட்டுக்கு வந்தது, நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குறுக்கே கடந்து போனது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். அவர் நகரவில்லை. ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, பொறு என்பதுபோல அசைத்தார்.

இரண்டாவது மான் பாய்ந்து வந்தது. அதன் பின்னாலேயே மூன்றாவது.

பிறகு அவர் வண்டியை எடுத்தார். காடு முடியும்வரை அதே வேகம். ஒவ்வொரு வளைவிலும் முதலில் அவர் போனார், பின்னால் நான். பெரிய நெடுஞ்சாலை சேருகிற இடத்தில் அவர் ஓரம் கட்டினார். நான் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். பாதிதான் இறக்கினேன். வெளுத்துக்கொண்டிருந்த வெளிச்சத்தில் அவர் முகம் தூங்காத முகமாக இருந்தது.

"நான் உன் பக்கம் இல்ல," என்றார்.

"தெரியும்."

"நீ தோக்கணும்னுதான் சாமிகிட்ட கேட்டுட்டிருக்கேன். லைலுக்காக."

"கேளுங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நெடுஞ்சாலையைப் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"தோத்துட்டு வா, டார்லா. ஜெயிச்சாலும் சரி. ஆனா முழுசா வந்து சேரு."

பாவாடைப் பையில் கைவிட்டேன். பூந்தொட்டிச் சாவி அங்கேயே இருந்தது. அதை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"ரஸ் தனியா இருக்கான்," என்றேன். "இடுப்ப வச்சுக்கிட்டு ஏணில ஏறிப் பலகைய சரி பண்றேன்னு நிப்பான். பாத்துக்குங்க."

அவர் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினார்.

"மான் பாத்து," என்றார்.

மீதியை நான் சொன்னேன்.